பரீட்சைக்கு முன் வரும் படபடப்பைச் சில நிமிடங்களில் தணிப்பது எப்படி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இங்கே வரும் எதையும் பரீட்சை அன்று காலையில்தான் முதன்முதலாகச் செய்து பார்ப்பது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். மூச்சுப் பயிற்சி செய்தேன், ஒன்றும் பிரயோஜனமில்லை என்று சொல்கிற மாணவர்களிடம் எப்போது செய்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஹாலுக்கு வெளியே நிற்கும்போது, பக்கத்தில் இருந்தவர் சொன்னதைக் கேட்டு நாலு தடவை இழுத்து விட்டேன் என்பார்கள். படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள உடம்பாலும் முடியாது, மனசாலும் முடியாது. அமைதியாக இருக்கும் நேரத்தில் பழகி வைத்த ஒன்று கைவசம் இருந்தால் அந்த நேரத்தில் அது தானாகவே துணைக்கு வரும். பரீட்சைக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்றால் நல்லது, போதிய நேரம் இருக்கிறது. நாளைக்கே பரீட்சை என்றாலும் பரவாயில்லை, இதில் ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்து இன்று ராத்திரிக்குள் மூன்று நாலு தடவை செய்து பாருங்கள். எல்லாவற்றையும் வேண்டாம்.

இன்னொரு விஷயம், படபடப்பு கொஞ்சமும் இல்லாமல் போய்விட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். யெர்க்ஸ், டாட்சன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1908-இல் சுண்டெலிகளை வைத்துச் செய்த சோதனையிலிருந்து வளர்ந்த ஒரு கருத்து இன்றைக்கும் பேசப்படுகிறது: தூண்டுதல் ரொம்பக் குறைவாக இருந்தாலும் வேலை சரியாக நடக்காது, ரொம்ப அதிகமாக இருந்தாலும் நடக்காது, நடுவில் ஓர் அளவு இருக்கிறது, வேலை கடினமாக ஆக அந்த அளவு கீழே இறங்குகிறது. அதனால் ஹாலுக்குள் போகும்போது நெஞ்சு லேசாக அடித்துக்கொண்டால் ஐயோ பயிற்சி பலிக்கவில்லையே என்று அதற்கும் சேர்த்துப் பயப்பட வேண்டாம். கை நடுக்கம் நிற்க வேண்டும், கேள்வியைப் படித்தால் புரிய வேண்டும், அவ்வளவு தணிந்தால் போதும்.

உடம்புக்குள் நடப்பது என்ன என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் குறையும் என்பதால் அதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். மூளை எதையாவது ஆபத்து என்று எடுத்துக்கொண்டால் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் ஆகிறது, ரத்தம் வயிற்றுப் பக்கம் குறைந்து தசைகளுக்குப் போகிறது. வயிற்றில் புளியைக் கரைப்பதும், தொண்டை வறள்வதும், உள்ளங்கை வியர்ப்பதும், அப்போதுதான் போய்விட்டு வந்த டாய்லெட்டுக்கு மறுபடி போகத் தோன்றுவதும் இதனால்தான். ஓடவோ சண்டை போடவோ உடம்பைத் தயார் செய்யும் ஏற்பாடு இது. கேள்வித்தாளிலிருந்து ஓடவும் முடியாது, அதோடு சண்டை போடவும் முடியாது என்பதுதான் சிக்கல், அந்த வேகமெல்லாம் உள்ளேயே சுற்றுகிறது.

பரீட்சைப் பதற்றத்தில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன என்று லீபர்ட், மோரிஸ் என்ற ஆய்வாளர்கள் 1967-இல் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று உடம்பின் கொந்தளிப்பு, அதாவது மேலே சொன்ன படபடப்பு. மற்றொன்று கவலை, அதாவது ‘ஃபெயில் ஆகிவிட்டால் என்ன செய்வது, எல்லாரும் என்ன சொல்வார்கள், எனக்கு எதுவுமே தெரியாதே’ என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் பேச்சு. மதிப்பெண்ணை அதிகம் பாதிப்பது இந்த இரண்டாவதுதான், ஏனென்றால் கணக்கின் நடுப்படிகளையும் வாக்கியத்தின் அடுத்த பகுதியையும் பிடித்து வைத்திருக்க வேண்டிய தற்காலிக நினைவின் இடத்தைக் கவலை எடுத்துக்கொள்கிறது. உங்களுக்கு எது அதிகம் என்று யோசியுங்கள். உடம்புதான் ஆடுகிறது என்றால் மூச்சும் தசைப் பயிற்சியும் உங்களுக்கானவை. உடம்பு அமைதியாக இருந்தும் மனசு ஓயவில்லை என்றால் அதற்கு அடுத்து வரும் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். இரண்டும் உண்டு என்றால் முதலில் உடம்பைக் கவனியுங்கள், அது அடங்காமல் மனசு எதையும் கேட்காது.

மூச்சு

‘ஆழமாக மூச்சை இழு’ என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். இழுப்பதைவிட விடுவதுதான் முக்கியம். நாம் மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமாகிறது, வெளியே விடும்போது சற்று மெதுவாகிறது. வேகஸ் என்கிற நரம்பு இதயத்தை அடக்கிப் பிடிக்கும் வேலையை வெளிமூச்சின்போது நன்றாகச் செய்கிறது. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இழுத்து மெதுவாக விட்டுப் பாருங்கள், சிலருக்கு இந்த வித்தியாசம் விரலிலேயே தெரியும். எனவே வெளிமூச்சை நீட்டுங்கள், நினைவில் வைக்க வேண்டியது இது ஒன்றுதான்.

செய்முறை இப்படி. நாற்காலியில் நன்றாகப் பின்னுக்குத் தள்ளி உட்காருங்கள், இரண்டு பாதமும் தரையில் படட்டும். ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையை வயிற்றிலும் வையுங்கள் (பழகும்போது மட்டும்தான், ஹாலில் தேவையில்லை). மூக்கு வழியாக 4 எண்ணும் வரை இழுங்கள், வயிற்றில் இருக்கும் கை மேலே வர வேண்டும், நெஞ்சில் இருப்பது பெரிதாக அசையக் கூடாது. பிறகு உதட்டைச் சற்றுக் குவித்து 6 எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். எண்ணிக்கை ஒன்றுக்கு ஒரு நொடி என்று வைத்தால் ஒரு மூச்சுக்கு 10 நொடி, நிமிடத்துக்கு 6 மூச்சு. சாதாரணமாக ஓய்வாக இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறார், அதோடு ஒப்பிட்டால் இது நல்ல நிதானம். மூன்று நிமிடம் செய்தால் போதும். 6 வரை விட முடியவில்லை, திணறுகிறது என்றால் 3-க்கு இழுத்து 4-க்கு விடுங்கள், போகப்போக நீளும். எண்ணிக்கையைப் பிடிக்க முடியவில்லையே என்று அதற்கும் ஒரு டென்ஷன் வேண்டாம்.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பதற்றத்தில் பெரிது பெரிதாக, வேகமாக மூச்சு இழுக்க ஆரம்பிப்பார்கள். அப்படிச் செய்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேவைக்கு மேல் குறைந்து, தலை சுற்றும், விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் ஊசி குத்துவது போல் இருக்கும், அதைப் பார்த்து எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று இன்னும் பயம் ஏறும். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு உங்கள் இயல்பான மூச்சுக்குத் திரும்புங்கள், ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும். மூச்சு மெதுவாக இருக்க வேண்டும், பெரிதாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை.

மூன்று நிமிடம்கூட இல்லை என்றால் இரட்டை இழுப்பு இருக்கிறது. எனக்குப் பிடித்ததும் இதுதான், ஏனென்றால் ஒன்றிரண்டு தடவையிலேயே தோள் இறங்குவது தெரியும், பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. மூக்கு வழியாக முக்கால்வாசி இழுங்கள், விடாமல் அதன் மேலேயே இன்னொரு சின்ன இழுப்பு, அப்புறம் வாய் வழியாக நீளமாக, கடைசி வரை விடுங்கள். நாம் தூங்கும்போதும் அழுது முடித்த பிறகும் உடம்பு தானாகவே செய்கிற பெருமூச்சுதான் இது, சுருங்கிப் போன நுரையீரல் சிற்றறைகளை மறுபடி விரிய வைக்க உடம்பு வைத்திருக்கும் வழி. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் தினமும் 5 நிமிடம் வீதம் ஒரு மாதம் இதைச் செய்தவர்களுக்கு, அதே அளவு நேரம் தியானம் செய்தவர்களைவிட மனநிலை கூடுதலாக மேம்பட்டது. ஒரு மாதம் தினமும் செய்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். ஒரே ஒரு தடவை செய்தாலும் கொஞ்சம் இதம் கிடைக்கும், ஆனால் தினசரிப் பழக்கத்தின் பலன் வேறு.

4 எண்ணி இழுத்து, 4 எண்ணி நிறுத்தி, 4 எண்ணி விட்டு, 4 எண்ணிக் காலியாக நிறுத்துகிற சதுர மூச்சும் நல்லதுதான், எண்ணுவதில் மனசு கட்டுப்பட்டு நிற்கும் என்பதால் சிலருக்கு அது பொருந்தும். 4-7-8 என்று சொல்கிறார்களே, அதில் 7 எண்ணும் வரை மூச்சைப் பிடித்து வைக்க வேண்டும். பதற்றத்தில் இருப்பவருக்கு மூச்சைப் பிடிப்பதே ஒரு அவஸ்தை என்பதால் பரீட்சை நேரத்துக்கு அதை நான் சொல்ல மாட்டேன், படுக்கையில் தூக்கம் வருவதற்கு வேண்டுமானால் முயன்று பாருங்கள்.

தசைகளை இறுக்கித் தளர்த்துவது

எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1920-களிலேயே உருவாக்கிய முறை இது, இன்றும் மனநல ஆலோசகர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். பதற்றமாக இருக்கும்போது தசைகள் நம்மை அறியாமல் இறுகியிருக்கின்றன, தளர்த்து என்று நேரடியாகச் சொன்னால் அவற்றுக்குத் தெரிவதில்லை. ஆனால் வேண்டுமென்றே இன்னும் இறுக்கிவிட்டு, சட்டென்று விட்டால், பழைய நிலையைவிடக் கீழே தளர்கின்றன. அந்த வித்தியாசத்தை உணர்வதுதான் பயிற்சியின் உயிர், அதனால் இறுக்குவதற்கு எடுக்கும் நேரத்தைவிட விட்ட பிறகு கவனிக்கும் நேரம் அதிகமாக இருக்க வேண்டும்.

முழுசாகச் செய்யச் சில நிமிடங்கள் ஆகும், முந்தின நாள் ராத்திரிக்கு ஏற்றது. படுத்துக்கொண்டு பாதத்திலிருந்து தொடங்குங்கள். கால் விரல்களைச் சுருட்டி 5 நொடி இறுக்கி, விட்டு, 20 நொடி சும்மா இருங்கள். அடுத்து கெண்டைக்கால், தொடை, வயிறு, கை முஷ்டி, மேல்கை, தோள்பட்டை, முகம் என்று மேலே வாருங்கள். முகத்துக்கு வரும்போது கண்ணை இறுக மூடி, பல்லை லேசாகக் கடித்து, நெற்றியைச் சுருக்கி விட்டால் எவ்வளவு இறுக்கத்தை அங்கே சுமந்துகொண்டிருந்தோம் என்பது தெரியும். முழு பலத்தையும் போட்டு இறுக்க வேண்டாம், முக்கால் பலம் போதும். கெண்டைக்காலில் அதிகம் இறுக்கினால் நரம்பு இழுத்துக்கொள்ளும். அடிபட்ட இடம், வலி இருக்கிற இடம் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். பல பேர் முகத்துக்கு வருவதற்குள் தூங்கிவிடுவார்கள், ராத்திரியில் செய்தால் அதுவும் நல்லதுதானே.

பரீட்சை நாற்காலிக்கு ஒரு சின்ன வடிவம் இருக்கிறது, ஒரு நிமிடம்கூட ஆகாது. ஷூவுக்குள் கால் விரல்களைச் சுருட்டி 5 நொடி, விடுங்கள். தோள்களைக் காது வரை தூக்கி 5 நொடி, பொத்தென்று விடுங்கள். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, ஒட்டியிருந்தால் தாடையைத் தொங்க விடுங்கள், நாக்கு அடியில் தளர்ந்து கிடக்கட்டும். அவ்வளவுதான். முஷ்டியை மட்டும் ஹாலில் இறுக்க வேண்டாம் என்பேன், மூன்று மணி நேரம் எழுதப் போகிற கை அது, அதற்குப் பதிலாக விரல்களை அகல விரித்துச் சுருக்குங்கள்.

மனசு ஓயாமல் ஓடினால்

கவலையை நினைக்காதே என்று மனசுக்குச் சொல்லிப் பயனில்லை, சொல்லச் சொல்ல அது இன்னும் பலமாக வரும். எழுதிவிடுவதுதான் இதற்கு நான் முதலில் சொல்லும் வழி. ஜெரார்டோ ராமிரெஸ், சியான் பெய்லாக் என்ற இருவர் சிகாகோ பல்கலைக்கழகத்திலிருந்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பரீட்சைக்குச் சற்று முன்னால் 10 நிமிடம் தங்கள் பயங்களை எழுதிய மாணவர்கள் எழுதாதவர்களைவிட நன்றாகச் செய்தார்கள், அதிலும் எப்போதும் பரீட்சைக்கு அதிகம் பயப்படுகிறவர்களுக்குத்தான் இது அதிகம் உதவியது. சம்பந்தமில்லாத வேறு விஷயத்தை எழுதியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதாவது எழுதுவது மட்டும் போதாது, பயத்தை எழுத வேண்டும். மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருப்பதைத் தாளில் இறக்கி வைத்தால், மேலே சொன்ன தற்காலிக நினைவில் இடம் கொஞ்சம் காலியாகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

ஒரு தாளை எடுங்கள். இந்தப் பரீட்சையைப் பற்றி எனக்கு என்ன பயம் என்று ஆரம்பித்து, 10 நிமிடம் பேனாவை எடுக்காமல் எழுதுங்கள். எழுத்துப் பிழை, வாக்கிய அமைப்பு எதையும் பார்க்க வேண்டாம், அசிங்கமாக இருந்தாலும் கோபமாக இருந்தாலும் எழுதுங்கள், யாரும் படிக்கப் போவதில்லை. அதிலேயே ‘எனக்கு ஒன்றுமே தெரியாது’ என்று ஒரு வரி வந்தால், எழுதி முடித்த பிறகு அதை மட்டும் திரும்பப் பார்த்து, நிஜமாகவே ஒன்றுமே தெரியாதா, எந்தப் பாடம் தெரியும், எது தெரியாது என்று கீழே எழுதுங்கள். ‘ஒன்றுமே’ என்பது அநேகமாக இரண்டு பாடங்களாகச் சுருங்கிவிடும். பிறகு தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம். இதை வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன் செய்வது வசதி, ஹாலுக்குப் போகும்போது அந்தத் தாள் பையிலோ சட்டைப் பையிலோ இருக்கக் கூடாது, துண்டுச்சீட்டு என்று யாராவது நினைத்துவிட்டால் வீண் வம்பு.

இரண்டாவது வழி, படபடப்புக்கு வேறு அர்த்தம் கொடுப்பது. கேட்க எளிமையாக இருப்பதால் பலர் இதை நம்புவதில்லை. அலிசன் வுட் புரூக்ஸ் என்பவர் 2014-இல் வெளியிட்ட சோதனைகளில், கடினமான கணக்கு, மேடைப் பேச்சு, பாட்டு இவற்றுக்கு முன் ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்று தங்களுக்கே சொல்லிக்கொண்டவர்கள், ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். யோசித்தால் காரணம் புரியும்: வேகமாக அடிக்கும் நெஞ்சை வைத்துக்கொண்டு அமைதியாக இருக்கிறேன் என்றால் அது பொய் என்று உடம்புக்கே தெரியும், உற்சாகத்திலும் நெஞ்சு அதே வேகத்தில்தான் அடிக்கிறது என்பதால் இந்தப் பக்கம் தாவுவது சுலபம். ‘என் உடம்பு தயாராகிறது, இந்த வேகம் எனக்கு எழுதுவதற்கு உதவும்’ என்று உங்களுக்கு இயல்பாக வருகிற வார்த்தைகளில் சொல்லிக்கொள்ளுங்கள். வாய்விட்டுச் சொன்னால் இன்னும் நல்லது, வீட்டில் பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்றாவது.

ஐந்து புலன்களைப் பயன்படுத்துகிற 5-4-3-2-1 முறை பலருக்குத் தெரிந்திருக்கும். கண்ணுக்குத் தெரிகிற 5 பொருள், தொட்டு உணர்கிற 4, காதில் விழுகிற 3, முகர முடிகிற 2, நாக்கில் இருக்கிற 1 சுவை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே வருவது. நாளைய ரிசல்ட்டில் போய் நிற்கிற மனசை இப்போது உட்கார்ந்திருக்கும் அறைக்குத் திருப்பிக் கொண்டுவரும். மூச்சைக் கவனிக்கத் தொடங்கினாலே பதற்றம் கூடுகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்களுக்கு இதுதான் ஏற்றது. கண்ணை மூடிப் பிடித்த இடம் ஒன்றைக் கற்பனை செய்வதும் உதவும், ஆனால் அது நன்றாகப் பழகியவர்களுக்குத்தான் அவசரத்தில் கைகொடுக்கும்.

இவற்றைப் பழகுவது

பழகுவதற்குத் தனியாக நேரம் ஒதுக்கினால் இரண்டாம் நாளே விட்டுவிடுவீர்கள், ஏற்கெனவே செய்கிற வேலையோடு ஒட்டி வையுங்கள். படிக்க உட்கார்ந்ததும் மூன்று நீண்ட மூச்சு, ஒரு பாடம் முடிந்து எழுந்திருக்கும்போது தோளைத் தூக்கி விடுவது, படுத்ததும் தசைப் பயிற்சி, இப்படி. வெளிமூச்சு விடும்போது ‘மெதுவா’ என்றோ ‘சரி’ என்றோ ஏதாவது ஒரே வார்த்தையை ஒவ்வொரு தடவையும் மனதுக்குள் சொல்லிப் பழகினால், சில நாட்களில் அந்த வார்த்தையும் தளர்வும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு ஹாலில் வார்த்தையைச் சொன்னாலே உடம்பு பாதி வழி வந்துவிடும். வாரத்தில் ஒரு நாளாவது கடிகாரம் வைத்து, பழைய கேள்வித்தாளை நிஜப் பரீட்சை மாதிரியே எழுதுங்கள், தொடங்குவதற்கு முன் உங்கள் மூச்சுப் பயிற்சியைச் செய்துவிட்டுத் தொடங்குங்கள். நடுவில் வேண்டுமென்றே ஒரு கடினமான கேள்வியை எடுத்து, பதற்றம் ஏறும்போது அதைத் தணித்துவிட்டுத் தொடர்ந்து எழுதிப் பாருங்கள். இந்த ஒத்திகையைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன்.

முந்தின நாள் ராத்திரியிலிருந்து கேள்வித்தாள் வரை

முந்தின நாள் ஹால் டிக்கெட், பேனா, தண்ணீர் பாட்டில், போகும் வழி எல்லாவற்றையும் சாயங்காலமே எடுத்து வைத்துவிடுங்கள், காலையில் தேடுகிற பதற்றம் வேண்டாத பதற்றம். கண் விழித்துப் படித்தால் கூடுதலாகப் பத்துப் பக்கம் முடிக்கலாம், ஆனால் படித்தது மூளையில் நிலைபெறுவது தூக்கத்தில்தான், அதனால் கணக்குப் பார்த்தால் நஷ்டமே. காபி, டீ, எனர்ஜி டிரிங்க் விஷயத்தில், குடித்த காஃபினில் பாதி உடம்பைவிட்டு நீங்கச் சுமார் 5 மணி நேரம் ஆகும், ஆகவே சாயங்காலம் குடித்தது ராத்திரி தூங்க விடாது. வழக்கமாகக் குடிக்காதவர்கள் பரீட்சை அன்று புதிதாக ஆரம்பிக்கவும் வேண்டாம், படபடப்பும் காஃபினும் சேர்ந்தால் நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கும். தூக்கமே வரவில்லை என்றால் கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் படுத்திருங்கள். ஒரு ராத்திரி சரியாகத் தூங்காவிட்டாலும் மறுநாள் பரீட்சை எழுத முடியும், இதைத் தெரிந்து வைத்துக்கொண்டாலே பலருக்குத் தூக்கம் வந்துவிடுகிறது.

காலையில் 10 நிமிடம் நடங்கள். உடம்பு ஓடத் தயாராக நிற்கிறது அல்லவா, அதற்குக் கொஞ்சம் வேலை கொடுத்தால் அடங்கும். முகத்தில் குளிர்ந்த தண்ணீரை நன்றாக அடித்துக் கழுவினாலும் பலருக்குப் படபடப்பு குறையும், இதய நோய் இருப்பவர்கள் மட்டும் மிகவும் சில்லென்ற தண்ணீரைத் தவிர்த்துவிடுங்கள்.

ஹாலுக்கு வெளியே நிற்கிற அந்த இருபது நிமிடம்தான் மிகவும் கெட்டது. ‘அந்தக் கேள்வி கண்டிப்பா வருமாம்’, ‘நீ அதைப் படிச்சியா’ என்று பத்துப் பேர் கேட்பார்கள், அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்கும் பயம், அந்தப் பயம் வாய் வழியாக வருகிறது, கேட்கிற உங்களுக்கும் தொற்றிக்கொள்கிறது. சங்கடமாக இருந்தாலும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். நெருங்கிய நண்பர்களிடம் முந்தின நாளே, காலையில் பாடம் பேச வேண்டாம் என்று சொல்லி வைக்கலாம். புத்தகத்தைப் புரட்டியே ஆக வேண்டும் என்றால் நன்றாகத் தெரிந்த பக்கத்தைப் புரட்டுங்கள், புதிதாக எதையும் திறக்காதீர்கள். மூன்று இரட்டை இழுப்பு, பிறகு உள்ளே போங்கள்.

கேள்வித்தாள் கைக்கு வந்ததும் உடனே பாய வேண்டாம். ஒரு நீண்ட வெளிமூச்சு, பாதம் தரையில் இருக்கிறதா என்று ஒரு கவனிப்பு, அதன் பிறகு முதல் பக்கத்தைப் படியுங்கள். மறந்துவிடுமோ என்று பயப்படுகிற சூத்திரமோ வருடமோ இருந்தால், எழுதலாம் என்று அனுமதி கிடைத்த நிமிடமே ரஃப் பகுதியில் எழுதி வைத்துவிடுங்கள்.

நடுவில் ஒரு கேள்வியைப் பார்த்ததும் மண்டை மொத்தமும் காலியானது போல் இருந்தால், படித்தது அழிந்துபோகவில்லை, எடுக்கும் வழி தற்காலிகமாக அடைபட்டிருக்கிறது. மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் உயர்ந்திருக்கும்போது நினைவிலிருந்து எடுப்பது கடினமாகிறது என்பது சோதனைகளில் தெரிந்த விஷயம். அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டி உட்கார்ந்தால் அது இன்னும் இறுகும். பேனாவைக் கீழே வையுங்கள். தாளிலிருந்து கண்ணை எடுத்து அறையின் எதிர்ச் சுவரைப் பாருங்கள். மூன்று நீண்ட வெளிமூச்சு, தோளை ஒரு தடவை தூக்கி விடுங்கள், உங்கள் வார்த்தையைச் சொல்லிக்கொள்ளுங்கள், இதற்கு முப்பது நாற்பது நொடி ஆகும், மூன்று மணி நேரத்தில் அது ஒன்றுமே இல்லை. பிறகு அந்தக் கேள்விக்கு இடம் விட்டுவிட்டு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றை எழுதத் தொடங்குங்கள். கை எழுதத் தொடங்கினால் மனசும் பின்னாலேயே வரும், பத்து நிமிடம் கழித்து அந்தக் கேள்விக்குத் திரும்பினால் அநேகமாக ஏதாவது ஒரு நுனி கிடைக்கும், அதைப் பிடித்து இழுத்தால் மீதியும் வரும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ‘டென்ஷன் ஆகாதே’ என்று சொன்னால் டென்ஷன் குறையாது, நான் டென்ஷனாக இருப்பது அப்பாவுக்கும் தெரிந்துவிட்டது என்று பிள்ளைக்கு இன்னொரு கவலைதான் சேரும். வா, சேர்ந்து மூன்று நிமிடம் மூச்சு விடலாம் என்று பக்கத்தில் உட்காருங்கள். மார்க் பற்றிய பேச்சை அந்த வாரம் முழுக்கத் தள்ளிப் போடுங்கள், பிள்ளைகள் அதைக் கேட்காமலே நினைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இந்தச் சின்னச் சின்னப் பயிற்சிகளுக்கு எல்லை உண்டு. படிக்காத பாடத்தை மூச்சு கொண்டுவந்து தராது. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பிட முடியவில்லை, பரீட்சை என்று நினைத்தாலே மூச்சு முட்டிச் சாகப் போகிறோமோ என்று தோன்றுகிறது, பள்ளிக்கோ கல்லூரிக்கோ போகவே முடியவில்லை என்றால் அது தனியாகச் சமாளிக்க வேண்டிய விஷயம் இல்லை, மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ போங்கள், அவர்களிடம் இதற்குச் சிகிச்சை இருக்கிறது. ஆஸ்துமா, இதய நோய் இருப்பவர்கள் மூச்சை நிறுத்திப் பிடிக்கும் பயிற்சிகளுக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும், அதை இன்றைக்கே, இப்போதே, நம்புகிற ஒரு பெரியவரிடம் அந்த வார்த்தைகளிலேயே சொல்லிவிடுங்கள். எந்தப் பரீட்சையையும் திரும்ப எழுதலாம். கூட இருக்கும் நண்பர் அப்படிப் பேசினால் விளையாட்டு என்று விடாதீர்கள், ரகசியம் காக்கிறேன் என்று வாக்குக் கொடுக்கவும் வேண்டாம், ஒரு பெரியவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஒரு பேப்பர் முடிந்து அடுத்ததற்கு இடையில் இருக்கும் நாட்களையும் விட்டுவிடக் கூடாது. வெளியே வந்ததும் விடைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் கூட்டத்தில் நிற்காமல் நேராகக் கிளம்புங்கள், எழுதிக் கொடுத்த தாளை இனி மாற்ற முடியாது, தவறு தெரிந்தால் அடுத்த பேப்பருக்குப் படிக்கும்போதும் அதுவே ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, முடிந்தால் அரை மணி நேரம் படுத்து எழுந்து, 5 நிமிடம் நீண்ட வெளிமூச்சு விட்டுவிட்டு, அடுத்த பாடத்தில் உங்களுக்கு எளிதான பகுதியிலிருந்து தொடங்குங்கள்.